புது கண்ணாடி 11-ஆம் நாள் ஏன் விரிசல் விடுது?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டுள்ளன.

இந்த வாரம் நேரா கேள்விக்கே போயிடலாம். ஒரகடத்துல ஒரு தொழிற்சாலையில ஷிஃப்ட் பார்க்கிற நண்பர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுல தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரிக்குப் பின்னாடி போயிருக்கார். கல் தெறிச்சு கார் முன் கண்ணாடி போச்சு. அவசரம், அடுத்த நாள் ஷிஃப்ட். ஒரு கடையில சாயங்காலமே மாத்திட்டார். 11-ஆம் நாள் வேலை முடிஞ்சு பார்க்கிங்குக்கு வந்து பார்த்தா, கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி பாதி கண்ணாடிக்கு ஏறி நிக்குது. கல் எதுவும் படலை. கடையில கேட்டா, "வெயில் சார், வெயில்ல விட்டிருச்சு, நாங்க என்ன பண்ண முடியும்?"

அவர் கேட்டது ரெண்டு கேள்வி. வெயில்ல கண்ணாடி உடையுமா? உடையும்னா, அதே பார்க்கிங்ல அதே வெயில்ல நிக்கிற மத்த நூறு வண்டி ஏன் உடையலை?

ரெண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. அதுக்குப் பதில் தெரிஞ்சா, கண்ணாடி மாத்துறப்போ எங்க நின்னு எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சிடும்.

முதல்ல, முன் கண்ணாடி எப்படிப்பட்டது

கார்ல ரெண்டு வகைக் கண்ணாடி இருக்கு. கதவுல இருக்கிறது பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி. உடைஞ்சா கற்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டிடும். முன்னாடி இருக்கிறது லேமினேட்டட். அதாவது ரெண்டு மெல்லிய கண்ணாடித் தகடு, நடுவுல பிவிபின்னு ஒரு பிளாஸ்டிக் படலம். ஒவ்வொரு தகடும் சுமார் 2 மி.மீ, படலம் முக்கால் மி.மீ அளவுக்கு. உடைஞ்சாலும் துண்டுகள் படலத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், முகத்துல கொட்டாது. எடுவார் பெனடிக்டஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1903-ல ஆய்வகத்துல ஒரு குடுவையைக் கீழ தவறவிட்டப்போ, அது உடைஞ்சும் சிதறாம இருந்ததைப் பார்த்தார். உள்ள காய்ஞ்சுபோன செல்லுலோஸ் நைட்ரேட் படிஞ்சிருந்தது. 1909-ல காப்புரிமை வாங்கினார். கதை அங்க ஆரம்பிக்குது. இன்னிக்கு நம்ம நாட்டுல மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100 படி முன் கண்ணாடி லேமினேட்டட் கண்ணாடியாதான் இருக்கணும்.

இதுல ஒரு விலை கொடுக்கிறோம். டஃபன்டு கண்ணாடியோட மேற்பரப்பு முழுக்க அழுத்தத்துல இருக்கும். அதனால சின்னக் கீறலை அது பொறுத்துக்கும். லேமினேட்டட்ல இருக்கிற தகடுகளுக்கு அந்தக் கவசம் கிடையாது. அதோட ஓரம்தான் அதோட பலவீனம். இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க.

ஒரே கண்ணாடி, ரெண்டு இடம்

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் போறவங்களுக்குத் தெரியும், இது கார் ஊர் மட்டும் இல்லை, கண்ணாடி ஊரும்கூட. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ வெளிய வந்தது. 2000-ல ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட்-கோபைன் ஃப்ளோட் கண்ணாடி தயாரிப்பை ஆரம்பிச்சது. உருகிய கண்ணாடியை உருகிய தகரத்து மேல மிதக்கவிட்டு தகடாக்குற முறை அது. வாகனக் கண்ணாடி செய்யுற ஆசாஹி இந்தியாவுக்கும் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல ஆலை இருக்கு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012-ல பாரத்பென்ஸ் லாரி செய்யுற டைம்லர்.

கார் ஆலைக்குள்ள கண்ணாடி எப்படி ஏறுதுன்னு பாருங்க. இப்பல்லாம் பெரிய ஆலைகள்ல பொதுவா ரோபோதான் பசை விடும். ஒரே உயரம், ஒரே வேகம். கண்ணாடி ரேக்குல தனித்தனியா நின்னு வரும், ஓரம் எதுலயும் இடிக்காது. ஏறப்போற பாடி புதுசு, பெயின்ட் காயம் படாதது, ஒரு துளி துரு கிடையாது, வளையாதது.

அங்கேருந்து நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரக் கடையில அதே மாதிரி கண்ணாடி ஏறுது. இங்க பாடிக்கு ஏழு வயசு. ஒரு தடவை டிங்கரிங் பார்த்திருக்கு. பழைய பசை காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. கண்ணாடி ஆட்டோவுல அட்டையில சுத்தி வந்திருக்கு. பசை கைத் துப்பாக்கியால விடப்படுது. ஆலை காசு செலவழிச்சு உருவாக்கின அத்தனை நிதானத்தையும் இங்க ரெண்டு பேர் தங்கள் கையால உருவாக்கணும். நல்ல ஃபிட்டர்கள் உருவாக்குறாங்க. அது நிஜமான திறமை, சாதாரணமா நினைக்காதீங்க. ஆனா அவங்களுக்கு நேரம் வேணும். அவசரம் அவசரம்னு நாம நிக்கிறப்போ முதல்ல வெட்டுப்படுறது அந்த நேரம்தான்.

வெயில் எவ்வளவு செய்யும்? கணக்கு போடலாம்

கண்ணாடி சீரா சூடானா பிரச்சினை இல்லை, மொத்தமா விரியும். சூடு ஒரு பக்கம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவுன்னா, விரிய நினைக்கிற பகுதியை விரியாத பகுதி பிடிச்சு இழுக்கும். நடுப்பகுதி வெயில்ல கொதிக்குது, ஓரம் மோல்டிங்குக்கு அடியில நிழல்ல இருக்குன்னு வைங்க, ஓரத்துல இழுவிசை வரும். கண்ணாடியை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தாதான் தாங்காது.

எவ்வளவு இழுவிசை? கண்ணாடியோட விறைப்பு சுமார் 70,000 மெகாபாஸ்கல். 1 டிகிரிக்கு அது விரியுறது லட்சத்துல 0.9 பங்கு. ரெண்டையும் பெருக்கினா, 1 டிகிரி வித்தியாசத்துக்கு சுமார் 0.63 மெகாபாஸ்கல். 30 டிகிரி வித்தியாசம்னா 19 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட 190 கிலோ இழுவை. இது மேல்வரம்புக் கணக்கு, நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் குறையும்.

இப்ப அடுத்த பக்கம். ஓரத்துல ஒரு சின்னப் பிளவு இருந்தா கண்ணாடி எவ்வளவு தாங்கும்? இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் கிரிஃபித், 1921-ல. அவர் சோதிச்சதும் கண்ணாடியைத்தான். அவர் சொன்னதோட சாரம்: கண்ணாடி உடையறது அதோட சராசரி பலத்தால இல்லை, அதுல இருக்கிற மோசமான கீறலால. கீறல் 0.1 மி.மீ ஆழம்னா ஏறக்குறைய 38 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும். அதே கீறல் 0.5 மி.மீ ஆனா வெறும் 17.

பார்த்தீங்களா? வெயில் கொடுக்கிறது 19 வரைக்கும். நல்ல ஓரம் 38 தாங்குது. அரை மி.மீ சிப்பு போன ஓரம் 17-லயே கையைத் தூக்கிடுது. பார்க்கிங்ல நின்ன நூறு வண்டிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அரை மி.மீ. வெயில் பொய் இல்லை. ஆனா வெயில் கடைசியா ஒரு கை வைக்குது, அவ்வளவுதான்.

ஏன் முதல் நாளே உடையலை, 11-ஆம் நாள்? கண்ணாடியில இருக்கிற சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை காத்துல இருக்கிற ஈரம் மெதுவா அறுக்கும். இழுவிசையில இருக்கிற கீறலோட நுனிக்குள்ள நீர் மூலக்கூறு புகுந்து, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா அதை நீட்டும். உடையுற அளவைவிடக் குறைஞ்ச இழுவிசையிலயே இது நடக்கும். கண்ணுக்குத் தெரியாம பத்து நாள் வளர்ந்து, ஒரு மத்தியானம் எல்லையைத் தாண்டிடும். அப்போ ஒரே மூச்சுல ஓடும். நம்ம சென்னை ஈரக்காத்துக்கு இதுல ஒரு பங்கு உண்டு.

அந்த அரை மி.மீ எங்கிருந்து வருது

இதுதான் எபிசோடோட முக்கியமான பகுதி, அதனால மெதுவா போறேன்.

முதல் இடம், கண்ணாடி கடைக்கு வர்ற வழி. ஓரத்தை வெறும் சிமென்ட் தரையில ஒரு நொடி நிறுத்தி வெச்சாலே போதும், மணல் துகள் ஒண்ணு மாட்டினா பல் போகும். ஃபோம் மேலயோ மடிச்ச அட்டை மேலயோதான் வைக்கணும். ஏத்துறதுக்கு முன்னாடி செல்போன் டார்ச்சை ஓரத்துக்கு இணையாப் பிடிச்சு நாலு பக்கமும் ஒரு சுத்து பாருங்க. பல் போன இடம் மினுங்கும். விரலை வெச்சுத் தேய்ச்சுப் பார்க்காதீங்க, கிழிச்சிடும். சிப்பு தெரிஞ்சா அந்தக் கண்ணாடி வேணாம்னு சொல்ல அதுதான் சரியான நேரம். அப்படியே மூலையில இருக்கிற ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்க. ஐஎஸ் 2553-ன்னு போட்டிருக்கும்.

ரெண்டாவது, பழசைக் கழட்டுறது. கண்ணாடி உட்காருற இடத்துல பாடியைச் சுத்தி ஒரு இரும்பு விளிம்பு இருக்கு. பழைய பசையைக் கத்தியால அறுக்குறப்போ கத்தி அந்த விளிம்பைக் கிழிச்சா பெயின்ட் போகும். பெயின்ட் போன இடத்துல துரு வரும். இரும்பைவிட அதோட துரு அதிக இடம் எடுத்துக்கும். புடைச்சுக்கிட்டு மேல வரும், பசையைத் தூக்கும், சில சமயம் கண்ணாடியையே ஒரு புள்ளியில முட்டும். ஆறு மாசம் கழிச்சு, மழையில ஒழுகுதுன்னு நாம போவோம். கிழிஞ்சா தப்பில்லை, அந்த இடத்துல பிரைமர் போட்டுக் காயவிட்டா சரியாயிடும். போடாம மூடுறதுதான் தப்பு. மெல்லிய எஃகு வயரால அறுக்கிற கருவி வெச்சிருக்கிற கடைன்னா இன்னும் நல்லது, பெயின்ட் சேதம் குறையும்.

பழைய பசையை முழுசா சுரண்டி இரும்பைக் காட்டணும்னு சிலர் நினைக்கிறாங்க. அது தேவையில்லை. பசை ஆரோக்கியமா இருந்தா 1-2 மி.மீ உயரத்துக்கு ஒரே சீரா விட்டு, அது மேலயே புதுசை விடுறதுதான் நல்ல முறை. ஆலையில போட்ட பெயின்டும் அடிப்பசையும் அப்படியே பிழைச்சிருக்கும். ஆனா சீரா இருக்கணும். ஒரு இடத்துல மேடு, ஒரு இடத்துல பள்ளம்னு விட்டா கண்ணாடி மேட்டுல உட்கார்ந்து வளையும்.

மூணாவது, வறண்ட ஒத்திகை. பசை போடுறதுக்கு முன்னாடி புதுக் கண்ணாடியைச் சும்மா வெச்சுப் பார்க்கிறது. ரெண்டு பேர், வேக்கம் கப் வெச்சுத் தூக்கணும். சுத்தி இடைவெளி சமமா இருக்கா? ஒரு மூலை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குதா? விபத்துல அடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டியில முன் தூண் ரெண்டு மி.மீ உள்ள வந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். தூக்கின மூலையைக் கையால அமுக்கி ஒட்டினா, அந்த வளைவு அந்தக் கண்ணாடி இருக்கிற நாள் வரைக்கும் இழுவிசையா உள்ளயே இருக்கும். அப்புறம் வெயில் 19 எல்லாம் கொடுக்க வேண்டியதில்லை, 5 கொடுத்தாலே போதும். இந்த ஒத்திகைக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். அவசரத்துல முதல்ல விடுபடுறதும் இதுதான்.

நாலாவது, பசை. யூரிதேன் பசையா இருக்கணும். கட் பண்ணின முனையால முக்கோண வடிவத்துல, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்துல, இடைவெளி விடாம ஒரே ஓட்டமா விடணும். உயரம் ஏன் முக்கியம்னா, கண்ணாடி இரும்பைத் தொடவே கூடாது. பசை ஒரு மெத்தை. கீழ ரெண்டு பக்கமும் சின்ன ரப்பர் கட்டைகள் வெப்பாங்க, கண்ணாடியோட எடை அதுல நிக்கும். அது தொலைஞ்சிருச்சுன்னு விட்டுட்டா கண்ணாடி மெல்லச் சறுக்கி கீழ் மூலையில இரும்புல உட்காரும். நம்ம நண்பருக்குக் கோடு கிளம்பினது கீழ் மூலையிலன்னு சொன்னார், ஞாபகம் இருக்கா? அதுதான் காரணம்னு பார்க்காம சொல்ல மாட்டேன். ஆனா நான் அங்க இருந்தா முதல்ல அங்கதான் தேடுவேன்.

ஒரு குறுக்குச் செய்தி. ஒட்டினப்புறம் வண்டிக்குள்ள வினிகர் வாசனை அடிச்சா, உங்களுக்குப் போட்டது யூரிதேன் இல்லை, சாதா சிலிக்கான். காயுறப்போ அசிட்டிக் அமிலம் விடும், இரும்பை அரிக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் மீன் தொட்டிக்கும் அது போதும், கார் கண்ணாடிக்கு அந்தப் பிடிப்பு போதாது.

கடைசியா அமுக்குறது. உள்ளங்கையை விரிச்சு, சீரா. முஷ்டியால குத்துறதைப் பார்த்தா நிறுத்தச் சொல்லுங்க.

அம்பாசடர்லயும் இன்னிக்கும் பல பஸ், லாரிகள்லயும் இந்தப் பசையே கிடையாது. ரப்பர் பீடிங்தான். பீடிங் பள்ளத்துல ஒரு கயிறைச் சுத்தி, சோப்புத் தண்ணி தடவி, வெளியிலிருந்து ஒருத்தர் கண்ணாடியைத் தட்டிக் கொடுக்க, உள்ளிருந்து ஒருத்தர் கயிறை இழுக்க இழுக்க ரப்பர் உதடு விளிம்பு மேல ஏறி உட்காரும். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். அதுல ரப்பரே மெத்தை, அதனால ஓரம் ஓரளவுக்குத் தப்பிக்கும். கார்ல கண்ணாடியைப் பசை போட்டு பாடியோட ஒண்ணாக்கினப்புறம் அந்தச் சலுகை போச்சு.

ஒட்டினப்புறம் உங்க கையில இருக்கிறது

யூரிதேன் காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துல ஒரு நாளைக்கு 3-4 மி.மீ ஆழம்தான் இறுகும். நம்ம ஊர் ஈரம் இதுக்கு உதவி. ஆனா மழைத் தண்ணி எதிரி. விளிம்பு நனைஞ்சிருந்தா பசை ஒட்டவே ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகையில திறந்தவெளி பார்க்கிங்ல வந்து மாத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா, கூரை இருக்கான்னு கேளுங்க.

எத்தனை மணி நேரம் கழிச்சு ஓட்டலாம்னு பசை டியூப்லயோ அதோட தகவல் தாள்லயோ எழுதியிருக்கும். 1 மணி நேரத்துலயே ஓட்டலாம்னு சொல்ற பசையும் இருக்கு, பல மணி நேரம் கேக்குறதும் இருக்கு. ஃபிட்டர்கிட்ட "அண்ணா, எப்ப எடுக்கலாம்?"னு கேக்காதீங்க, அவர் நீங்க நினைக்கிற பதிலைச் சொல்வார். "அண்ணா, இந்தப் பசைக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கு?"னு கேளுங்க. இது விரிசல் விஷயம் மட்டும் இல்லை. பல கார்கள்ல பயணி பக்கத்து ஏர்பேக் மேல விரிஞ்சு முன் கண்ணாடியில மோதித்தான் உங்க பக்கம் திரும்பும். பசை இறுகலைன்னா கண்ணாடி வெளிய போகும், பேக்கும் கூடவே போகும்.

முதல் நாள் எல்லாக் கதவையும் மூடிட்டு ஒரு கதவை ஓங்கிச் சாத்தாதீங்க. உள்ள அடைபட்ட காத்து கண்ணாடியை வெளிய தள்ளும். ஒரு ஜன்னலை விரல் அளவுக்குத் திறந்து வையுங்க. பிரஷர் வாஷ் ரெண்டு நாளைக்கு வேணாம். வேகத்தடையைச் சாய்வா ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏறாதீங்க, பாடி முறுக்கிக்கும். எட்டு மணி நேரம் வெயில்ல நின்ன வண்டியில ஏறினதும் ஏசியை முழுசா வெச்சு கண்ணாடி மேல திருப்பாதீங்க. முதல்ல நாலு ஜன்னலையும் இறக்கி ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க. கொதிக்கிற கண்ணாடியில வாட்டர் பாட்டில் தண்ணியை ஊத்துறவங்களைப் பார்த்திருக்கேன். 30 டிகிரி வித்தியாசத்தை நீங்களே நொடியில உண்டாக்குற வழி அது.

விரிசல் விட்டா யார் பொறுப்பு?

விரிசலோட வாயைப் பார்த்தா ஓரளவு தெரியும். பால்பாயின்ட் பேனா முனையை, மை இல்லாத பேனாவா இருந்தா நல்லது, கோட்டு மேல குறுக்க மெதுவா இழுத்துக்கிட்டே போங்க. ஒரு இடத்துல குழியில மாட்டினா அது கல் அடிச்ச இடம். கடையைக் குறை சொல்ல முடியாது. எங்கயும் மாட்டாம கோடு நேரா மோல்டிங்குக்கு அடியில போச்சுன்னா, ஓரத்துலதான் பிறந்திருக்கு. வெப்பத்தால வர்ற விரிசல் ஓரத்துக்குச் செங்குத்தாக் கிளம்பி, கொஞ்ச தூரம் போனப்புறம்தான் வளையும்.

பிறந்த இடம் மோல்டிங்குக்கு அடியில இருக்கிறதுதான் சிக்கல். மூடினப்புறம் யாருக்கும் தெரியாது. அதனாலதான் "வெயில் சார்" இவ்வளவு சுலபமா செல்லுபடியாகுது. நண்பருக்கு நான் சொன்னது ரெண்டு. ஒண்ணு, இப்ப உடைஞ்ச கண்ணாடியைக் கழட்டுறப்போ பக்கத்துல நில்லுங்க. கோடு தொடங்குற இடத்துல ஓரத்தையும், அதுக்கு நேர் கீழ இருக்கிற இரும்பையும் போட்டோ எடுங்க. சிப்போ, இரும்பு உரசின தடமோ, துருவோ இருந்தா பேச்சு வேற மாதிரி போகும். ரெண்டு, அடுத்த கண்ணாடி ஏறுறப்போ மூணு போட்டோ: சுத்தம் பண்ணின விளிம்பு, டார்ச் அடிச்ச ஓரம், மோல்டிங் மூடுறதுக்கு முந்தின இடைவெளி. கேமரா வெளிய வந்தாலே வேலை கொஞ்சம் நிதானமாகும். ஃபிட்டருக்கும் இது பாதுகாப்புதான். அவர் மேல தப்பில்லாதப்போ அவர்கிட்டயும் ஆதாரம் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, சுருக்கமா சொல்றேன். முழுக் காப்பீடு இருந்தா கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க. ஆனா ரப்பர், பிளாஸ்டிக் மோல்டிங்குக்கு 50 சதவீதம் கழிப்பாங்க. கட்டாயக் கழிவா 1500 சிசி வரைக்கும் 1000 ரூபாய், அதுக்கு மேல 2000 ரூபாய் நீங்க போடணும். பெரிய விஷயம் நோ கிளைம் போனஸ். முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல 50 சதவீதம் வரைக்கும் போகும், அதைப் பாதுகாக்கிற ஆட்-ஆன் இல்லாம ஒரு கிளைம் போட்டா பொதுவா அது பூஜ்ஜியமாகும். சின்ன காரோட கண்ணாடிக்கு ரெண்டையும் கூட்டிப் பார்த்தா கையிலிருந்து கொடுக்கிறதே லாபமா இருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கிற புது மாடல்னா கணக்கு மாறும். மாத்தினப்புறம் கேமராவைத் திரும்ப அளவுப்படுத்தணும், அதுக்குத் தனிக் காசு. அதையும் சேர்த்து எஸ்டிமேட் எழுதி வாங்கிட்டு முடிவு பண்ணுங்க.

ஜல்லி லாரிக்குப் பின்னாடி எவ்வளவு தூரம் விடணும்னு கேட்டவங்களுக்கு, அடுத்த வாரம் பிரேக் எபிசோட்ல பேசலாம்.